தராசில் வைத்த பொட்டு

அவளிடம் யாரும் "பார்த்தாச்சு" என்று சொல்லித் தப்பிவிட முடியாது. "எனக்குச் சொல்லாதேங்கோ, காட்டுங்கோ" என்பாள். குரலை உயர்த்த மாட்டாள், முகத்தைச் சுழிக்க மாட்டாள். கையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்பாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், அதனால் இங்கேயும் அவள் என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைவு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மரியாதை நிறையவே இருந்தது, கூடவே கொஞ்சம் பயமும் இருந்தது.

மொன்றியல் தமிழ்ச் சனத்துக்கு அவளைப் பற்றி ஒரு கதை தெரியும். அவளுக்கு ஒரு கலியாணம் பேசி முற்றாகி, மண்டபமும் பதிந்தாயிற்று. மாப்பிள்ளை முதல் கலியாணத்தை முறித்துக்கொண்டவர். முறிந்து நாலு வருடம் என்று தரகர் சொன்னார், தாய் சொன்னார், மாப்பிள்ளையும் சொன்னார். இவள் எல்லாரும் கூடியிருந்த இடத்தில் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, "கோட்டுத் தீர்ப்பைக் காட்டுங்கோ" என்று கேட்டாளாம். தீர்ப்பு இருக்கவில்லை. வழக்கே போடப்பட்டிருக்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு இமிகிரேசன் ஒஃபிசர் என்று பட்டம். பட்டம் வைத்தவர்களில் நானும் ஒருவன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அப்போது எனக்கு அவளோடு பழக்கம் இல்லை. நான் சென்ட் லோரன்டில் ஒரு களஞ்சியசாலையில் பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிறவன். கூட வேலை செய்த கியூபெக்காரன் ஒருவன் மான் வேட்டைக்குப் போகிறவன், அவன்தான் என்னைச் சூட்டுச் சங்கம் ஒன்றுக்கு இழுத்துப் போனான். வகுப்புக்குப் போனேன், சோதனை எழுதினேன், அனுமதிப் பத்திரம் வந்தது. "துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்த மனிசன், இஞ்ச வந்து துவக்கு வாங்குது" என்று என் மனைவி தொலைபேசியில் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். சங்கத்தில் ஒரு சனிக்கிழமை காதுமூடியைக் கழற்றிவிட்டுத் திரும்பினால், மூன்றாவது மேசையில் இமிகிரேசன் ஒஃபிசர் இருக்கிறாள். நூறு மீற்றர் தூரத்தில் அவளுடைய ஐந்து துளைகளையும் ஒரு பருப்பு வடையால் மூடிவிடலாம்.

அவள் இயக்கத்தில் இருந்தவளாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அதைக் கேட்டும்விட்டேன்.

"ஆறு வயசில இஞ்ச வந்தனான் அண்ணை. இயக்கத்தில பாலர் வகுப்பு இருந்ததோ?"

அதற்குப் பிறகு நான் அப்படியான கேள்வி கேட்கவில்லை.

கடைகளில் தோட்டா கிடைக்காமல் போன காலம் அது. தட்டுகள் மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தன. அவளுக்கு மட்டும் குறைவில்லை. சுட்டு முடித்ததும் குனிந்து தன் தோட்டாக்களின் வெற்றுக் கோதுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போவாள். வீட்டில் அவற்றைச் சுத்தம் செய்து, திரும்பவும் வெடிமருந்து நிரப்பி, வாயில் புதிய ஈயச் சன்னம் பொருத்தி, புதுத் தோட்டாவாக்கிக் கொண்டு வருவாள். எனக்கும் பழக்கிவிடச் சொல்லிக் கேட்டேன். ஒரு கிழமை யோசித்துவிட்டுத்தான் ஓம் என்றாள்.

ஆற்றுக்கு அப்பால், லொங்குய்யில் அவளுடைய வீடு. நிலவறையில் ஒரு மேசை, அதில் பொருத்திய, கையால் அழுத்துகிற பிரெஸ், ஒரு பழைய தராசு, ஒரு டோர்ச். வேறொன்றும் கிடையாது. மருந்துப் போத்தல்கள் தூர ஒரு பெட்டிக்குள் இருந்தன. மேசைக்கு ஒரு நேரத்தில் ஒரு போத்தல்தான் வரும், அது திரும்பிப் போன பிறகுதான் அடுத்தது வரும். தொலைபேசியைப் படிக்கட்டில் வைத்துவிட்டு வரவேண்டும். மேசைக்கு முன்னால் கதை கிடையாது. நான் இணையத்தில் பத்துப் பதினைந்து வீடியோ பார்த்துவிட்டு, பிரெஸ்சின் கைப்பிடியை இழுக்கிற கனவோடு போயிருந்தேன். அவள் என் முன்னால் நூறு வெற்றுக் கோதையும் டோர்ச்சையும் வைத்தாள்.

"வெடிப்பு இருக்கோ எண்டு பாருங்கோ."

முதல் ஞாயிறு முழுவதும் அதுதான். இரண்டாவது ஞாயிறும் அதுதான். மூன்றாவது ஞாயிறு நான் நல்லது என்று ஒதுக்கிய குவியலுக்குள் கையை விட்டு, கழுத்தில் மயிரிழை போல வெடித்த கோது ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். ஐம்பது வயதில் எனக்குக் காது சூடாகியது.

பிறகு ஒவ்வொன்றாகத் தந்தாள். கோதை அச்சுக்குள் விட்டுப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது. அடியில் எரிந்துபோன பிரைமரைத் தட்டி வெளியே எடுத்து, துவக்கின் ஊசி குத்தியதும் நெருப்பைக் கொடுக்கிற புதிய குட்டி மூடியைப் பொருத்துவது. கடைசியாக மருந்து. மருந்து வந்த நாளிலிருந்து அவள் என் வலது பக்கம் கதிரை போட்டு உட்கார்ந்தாள். தராசு என்பது நடுவில் தாங்கிய ஒரு சட்டம், ஒரு முனையில் தட்டு, மறு முனையில் எடையும் முள்ளும். உட்காரும் ஒவ்வொரு முறையும், தட்டை வெறுமையாக வைத்து, முள் கோட்டில் வந்து நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். பூச்சியம் பார்ப்பது என்று அதற்குப் பெயர். தேத்தண்ணி குடிக்க எழும்பிவிட்டு வந்தாலும் திரும்பப் பார்க்கவேண்டும்.

"நேற்றுப் பார்த்தனான்தானே" என்று ஒருநாள் சொன்னேன்.

"நேற்றையான் பூச்சியம் நேற்றைக்கு."

இன்னொரு நாள் ஐம்பது கோதுக்கும் மருந்து விட்டு முடித்து மரக்கட்டையில் நிறுத்தியிருந்தேன். ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் டோர்ச் அடித்து மருந்து ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் சன்னம் வைக்கலாம். அவள் மேலே போயிருந்தாள். எனக்கு முதுகு வலி. அவள் இறங்கி வந்து "பார்த்தனீங்களோ?" என்றபோது "ஓம், எல்லாம் பார்த்தனான்" என்றேன். அவள் டோர்ச்சைத் தொட்டுப் பார்த்தாள். அது குளிர்ந்து கிடந்தது. மரக்கட்டையைத் தூக்கி, ஐம்பதையும் ஒவ்வொன்றாகப் போத்தலுக்குள் கவிழ்த்தாள். இரண்டு மணித்தியால வேலை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பிள்ளை குட்டிக்காரன், ஊரில் நாலு பேர் மதித்தவன், இவளிடம் வந்து இப்படி அவமானப்பட வேண்டுமா என்று நினைத்துக்கொண்டு சப்பாத்தை மாட்டினேன்.

அன்று அவளே என்னை மெற்றோவுக்குக் காரில் கொண்டுபோய் விட்டாள். வாசலில் நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைக்காமல் ஒரு கதை சொன்னாள். நான் எதுவும் கேட்காமல் அவள் தானாகச் சொன்ன ஒரே கதை அது.

அவள் வேலை செய்வது சென்ட் லோரன்டில் நோய்க்குக் குளிசை செய்கிற ஒரு மருந்துத் தொழிற்சாலையின் நிறுவை அறையில். ஒருவர் நிறுக்க, மற்றவர் பார்த்து இரண்டாவது கையெழுத்து வைக்கவேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளோடு நின்றவள் நெருங்கிய சிநேகிதி, ஒன்றாகப் படித்தவள். ஒருநாள் சிநேகிதி "பூச்சியம் பார்த்தனான், வையடி" என்றாள். இவள் கையெழுத்து வைத்தாள். பின்னேரம் பிழை பிடிபட்டு, ஒரு தொகுதி முழுவதும் அழிக்கப்பட்டது. வெளியே ஒரு குளிசையும் போகவில்லை. ஆனால் சிநேகிதிக்கு வேலை போயிற்று. இவளுக்கு எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள்.

"அவ பொய் சொல்லேல்லை அண்ணை. பார்த்ததெண்டுதான் நினைச்சவ. அதுதான் எனக்குப் பயம்."

நான் இறங்கி, மெற்றோவின் மஞ்சள் தடத்தில் ஆற்றுக்கு அடியால் வீட்டுக்கு வந்தேன். அவள் மேல் இருந்த கோபம் பாதிதான் குறைந்திருந்தது.

அந்த வருடம் கோடை முடிய, அவள் தன் பழைய தராசை எனக்குத் தந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டாள். நான் இரண்டாம் கையாக ஒரு பிரெஸ் தேடிப் பிடித்து, எங்கள் வாடகை வீட்டின் சாமான் அறை மேசையில் பொருத்தினேன். அந்த அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் நான் களஞ்சியசாலை ஆள் இல்லை, ஒரு விஞ்ஞானி.

இந்த இடத்தில்தான் எஞ்சினியர் வருகிறார். கர்க்லாண்டில் வீடு, சென்னைக்காரர், இந்த ஊரில் முப்பது வருடம். சங்கத்துக்கு எப்போதாவது வருவார். நல்ல மனிதர்தான், ஆனால் என்னோடு கதைக்கும்போது அவருடைய கண் என் தோளுக்கு மேலால் வேறு யாரையோ தேடும். நான் என் கையால் நிரப்பிய தோட்டாவால் சுடுகிறேன் என்று தெரிந்த அன்று அந்தக் கண் முதல் தடவையாக என்மேல் நின்றது.

"நீங்களே பண்றீங்களா? வீட்லயேவா?" என்றார். "சூப்பர் சார். நவம்பர்ல மான் வேட்டைக்குப் போறேன். எனக்கு ஒரு இருபது பண்ணித் தர முடியுமா? கொஞ்சம் ஸ்ட்ராங்கா."

அவர் என்னைச் சார் என்றார். எங்கள் இருவருடைய துவக்கும் ஒரே அளவுத் தோட்டா எடுக்கும். நான் உடனே தலையாட்டிவிட்டேன்.

அவள் பக்கத்து மேசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே கார் நிற்கிற இடத்தில் என்னைப் பிடித்தாள். "வேண்டாம் அண்ணை. தன்ர கையால செய்தது தன்ர துவக்குக்கு மட்டும்தான். நான் என்ர தகப்பனுக்கும் குடுக்க மாட்டன்."

"நீங்கள் ஒருக்கால் வந்து பார்த்துச் சரியெண்டு சொன்னால்?"

"மாட்டன்."

"நான் கவனமாய்ச் செய்வன், தங்கச்சி."

அவள் கையை நீட்டவில்லை, காட்டுங்கோ என்றும் சொல்லவில்லை. காரைத் திறந்து ஏறிப் போய்விட்டாள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளவில்லை, பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

நவராத்திரி வந்தது. எங்கள் வீட்டில் ஆயுத பூசை என்றால் என் மனைவி ஒன்றையும் விடமாட்டாள். தையல் மெசின், சோறு ஆக்குகிற குக்கர், பிள்ளைகளின் கம்பியூட்டர், கீழே நிற்கிற கார், எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் ஏறும். அந்த முறை சாமான் அறைக் கதவையும் திறந்துவிட்டாள். "உங்கட ஆயுதம்தானே உண்மையான ஆயுதம்" என்றாள். கற்பூரத் தட்டோடு வந்தவளை நான் வாசலிலேயே மறித்தேன். மருந்து இருக்கிற இடத்தில் நெருப்பு கூடாது என்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். அவள் கற்பூரத்தை வெளியே வைத்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே போனாள். பிரெஸ்சுக்கு ஒரு பொட்டு, மேசைக்கு ஒரு பொட்டு, தராசுக்கு ஒரு பொட்டு. நான் கற்பூரத்தை மறித்த பெருமையில் நின்றேன்.

மறுநாள் விஜயதசமி. புதிதாகத் தொடங்குகிற எதுவும் நல்லாய் வரும் நாள். குளித்து, திருநீறு பூசி, எஞ்சினியரின் தோட்டாக்களை அன்றே தொடங்கினேன். பொட்டுகளை ஒரு துணியால் துடைத்தேன். பூச்சியம் பார்க்கவில்லை. பூசைக்கு முதல் நாள் பார்த்திருந்தேன், நடுவில் யாரும் தராசில் நிறுக்கவில்லை என்று மனதுக்குள் ஒரு நியாயம் ஓடியது. அளவுப் புத்தகத்தில் போட்டிருந்த மேல் எல்லையை ஒட்டியே மருந்தின் அளவை வைத்து, எனக்கும் சேர்த்து ஐம்பது தோட்டா செய்தேன். இருபதை ஒரு பெட்டியில் அடுக்கிக் கர்க்லாண்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எஞ்சினியர் என்னை வரவேற்பறையில் இருத்திக் கோப்பி தந்தார்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை. எஞ்சினியர் முதல் நாளே வேட்டைக்குப் போயிருந்தார். நான் எனக்குக் கொஞ்சம் செய்வோம் என்று உட்கார்ந்து, வெறும் தட்டை வைத்தேன். முள் கோட்டுக்குக் கீழே நின்றது. தட்டிப் பார்த்தேன், அசைந்து திரும்பவும் கீழேயே வந்து நின்றது. சட்டத்தைக் கழற்றித் திருப்பினேன். எடை இருக்கிற முனையின் அடியில், வழிந்து காய்ந்த சந்தனம், ஒரு கடுகளவுக் கட்டி. மேலே இருந்ததைத்தான் நான் துடைத்திருக்கிறேன். எடைப் பக்கம் பாரம் கூடினால் தட்டுப் பக்கமும் அதற்கு ஈடாக மருந்து கூடவேண்டும். ஐம்பது தோட்டாவிலும், மேல் எல்லைக்கும் மேலே, ஒரு பொட்டின் எடைக்கு மருந்து கூடியிருக்கிறது.

முதல் வேலையாக நான் செய்தது என்ன தெரியுமா? எச்சில் தொட்டு அந்தச் சந்தனத்தைத் தேய்த்துத் துடைத்தேன். முள் கோட்டுக்கு வந்தது. பிறகு அரை மணித்தியாலம் சும்மா இருந்தேன். எஞ்சினியரிடம் கடைத் தோட்டாவும் இருக்கும். மான் எல்லாருக்குமா அகப்படுகிறது? ஒன்றும் நடவாது, திங்கட்கிழமை ஏதாவது சொல்லிப் பெட்டியைத் திரும்ப வாங்கலாம். இப்படியெல்லாம் யோசித்தேன். சுடும்போது தோட்டாவை உள்ளே அடைத்து வைக்கிற துவக்கின் பூட்டுக்கும் கண்ணுக்கும் நடுவில் ஒரு சாண் தூரமும் இல்லை என்பதும் கூடவே வந்து வந்து போனது. கடைசியில் அவளுக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொன்னேன்.

"எத்தினை குடுத்தனீங்கள்?"

"இருபது."

"மிச்சம் முப்பதும் இருக்கோ?"

"ஓம்."

"சந்தனம் அப்பிடியே இருக்கோ?"

"துடைச்சுப் போட்டன்."

"ஒண்டிலயும் கை வைக்காதேங்கோ. வாறன்" என்றாள்.

ஒரு மணித்தியாலத்துக்குள் தன் தராசோடும் தோட்டாவைப் பிரிக்கிற சுத்தியலோடும் வந்தாள். எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து, முதலில் பூச்சியம் பார்த்தாள். முப்பதுக்குள் மூன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். ஒவ்வொன்றாகப் பிரித்து, சன்னத்தைக் கழற்றி, மருந்தை நிறுத்தாள். மூன்றும் எல்லைக்கு மேலே. என் மனைவி குசினி வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"வெடிச்சுச் சிதறுமோ, தங்கச்சி?"

"வெடிக்குமெண்டு நான் சொல்லேல்லை. வெடிக்காதெண்டும் என்னால சொல்லேலாது. பழைய கோது, வேற ஆளின்ர துவக்கு. ஃபோனை எடுங்கோ."

எஞ்சினியரின் தொலைபேசி வேலை செய்யவில்லை. வீட்டுக்கு எடுத்தேன். அவருடைய மனைவி எடுத்தார். "ஒண்டுமில்லை அக்கா, ஒரு சின்ன விசயம்" என்று தொடங்கினேன். தராசுக்கு அப்பால் இருந்து தங்கச்சி என்னைப் பார்த்தாள். திட்டுகிற பார்வை இல்லை, காத்திருக்கிற பார்வை. நான் முழுவதையும் சொன்னேன். "அங்க சிக்னலே இருக்காதுங்களே" என்றார். வேட்டை முகாமின் விலாசம் தந்தார். முகாமுக்கு எடுத்தால் பிரெஞ்சில் பதிவு செய்த குரல் ஒன்று நன்றி சொல்லிவிட்டு வைத்தது.

வடக்கே மூன்று மணித்தியால ஓட்டம். அவள்தான் ஓட்டினாள். எனக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது. ஏதேதோ கதைத்தேன். எஞ்சினியர் கவனமான மனிதர் என்றேன். கடைத் தோட்டாவைத்தான் முதலில் பாவிப்பார் என்றேன். அதற்கு மட்டும் வாயைத் திறந்தாள்.

"அவர் உங்களுக்கு அப்பிடிச் சொன்னவரோ?"

"இல்லை."

"அப்ப கதைக்காதேங்கோ."

முகாம் என்பது ஏரிக்கரையில் நாலு மரக்குடில்கள். அதைப் பார்த்துக்கொள்கிற வயதான மனிதரிடம் அவள் பிரெஞ்சில் படபடவென்று சொன்னாள். அவர் முகம் மாறி, செம்மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு, நாலு சில்லு வண்டியில் காட்டுக்குள் போனார். எங்களை வரவேண்டாம் என்று கையைக் காட்டினார். நாங்கள் குடிலின் படியடியில் நின்றோம். குளிர் காலுக்குள் இறங்கியது.

பத்து நிமிடம் இருக்கும். காட்டுக்குள் ஒரு வெடிச் சத்தம்.

ஒன்றுதான். ஏரிக்கு மேலால் போய் எங்கோ முட்டித் திரும்பி வந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. அது அவருடைய துவக்கா, வேறு யாருடையதா என்று எங்களுக்குத் தெரியாது. நான் முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவளைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையாலும் தன் கழுத்துத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உதடு வெள்ளையாக இருந்தது. அவளுக்கும் பயம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவளை இந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியவன் நான் என்று நினைக்க, எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வண்டி திரும்பி வந்தபோது பின்னால் எஞ்சினியர் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு காயமும் இல்லை.

"என்னங்க, நீங்க எங்க இங்க?" என்று இறங்கினார். "உங்க தோட்டாதாங்க சுட்டேன். மான் ஓடிப்போயிடுச்சு. ஆனா பயங்கர உதை. பூட்டு திறக்கவே மாட்டேங்குது, கட்டையால தட்டித்தான் திறந்தேன். அடுத்தது போடறதுக்குள்ள இவர் வந்து கையப் பிடிச்சிட்டார்."

அவள் துவக்கை வாங்கி, வெறுமையா என்று பார்த்து, ஓரமாக வைத்தாள். சுட்ட கோதைக் கேட்டு வாங்கி, அடியைத் திருப்பி எனக்குக் காட்டினாள். பிரைமர் விளிம்பு இல்லாமல், சுத்தியலால் தட்டியது போல நசுங்கிக் கிடந்தது, மருந்தின் அழுத்தம் எல்லை மீறியதன் அடையாளம். பெட்டியில் மிச்சம் பத்தொன்பதையும் எண்ணித் தன் பைக்குள் போட்டாள். பிறகு "சொல்லுங்கோ அண்ணை" என்றாள்.

"அது வந்து... மனிசி ஆயுத பூசைக்குத் தராசில பொட்டு வைச்சவ..."

"அண்ணை."

ஒரே ஒரு சொல்தான். நான் நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கினேன். "நான் பூச்சியம் பார்க்கேல்லை. பார்க்காமல் செய்து உங்களுக்குத் தந்தனான். பிழை என்னில."

எஞ்சினியர் படியில் உட்கார்ந்தார். வலது கண்ணை விரலால் தொட்டார், பிறகு கன்னத்தை, பிறகு திரும்பவும் கண்ணை. "வந்து சொன்னீங்களே, அது போதும்" என்றார். படித்தவர்களின் பண்பு அது. ஆனால் அன்றிலிருந்து அவர் என்னைச் சார் என்று கூப்பிட்டதில்லை.

எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று நிம்மதி. இரண்டு கிழமை கழித்துச் சங்கத்திலிருந்து விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அவள்தான் எழுதிக் கொடுத்திருக்கிறாள். நான் நேரே லொங்குய்க்குப் போய் வாசலில் நின்றே கத்தினேன். எஞ்சினியரே மன்னித்துவிட்டார், உன்னை யார் கேட்டது, ஒரு தமிழன் இன்னொரு தமிழனைக் காட்டிக்கொடுக்கிறதா என்றெல்லாம் கேட்டேன். நீங்கள் என்கிற மரியாதையும் அன்று போய்விட்டது.

அவள் முழுவதையும் கேட்டாள். "அடுத்த வருசமும் நவராத்திரி வரும் அண்ணை. இன்னொரு வீட்டில இன்னொரு தராசுக்குப் பொட்டு வைப்பினம். அவைக்கு ஆர் சொல்லுறது?"

நான் படியிறங்கி மெற்றோவுக்கு நடந்தேன்.

விசாரணை சங்கத்தின் சின்ன அறையில் நடந்தது. மூன்று பேர் இருந்தார்கள். புதிதாகத் தோட்டா செய்யப் பழகுகிறவனுக்கு ஒரு பழைய உறுப்பினர் பொறுப்பு நிற்கவேண்டும் என்பது அங்கே விதி. எனக்குப் பொறுப்பு நின்றவள் அவள். நடந்ததைத் தலைவர் வாசித்துவிட்டு, அவளிடம் ஒரு கேள்வி கேட்டார். இந்த ஆள் தனியே இருந்து செய்கிறபோது ஒருமுறையாவது நீ போய்ப் பார்த்தாயா?

அவள் பிரெஞ்சில் சொன்னாள், எனக்கு விளங்கவேண்டும் என்று தமிழிலும் சொன்னாள். "இல்லை. தராசைக் குடுக்கேக்க, நீங்கள் தனியச் செய்வீங்களோ எண்டு கேட்டனான். ஓம் எண்டவர். நான் நம்பினனான்."

எனக்கு அப்போதுதான் அந்த நாள் நினைவுக்கு வந்தது. தராசைத் துணியில் சுற்றித் தந்தாள், கேட்டாள், நான் ஓம் என்றேன், அவ்வளவுதான். கலியாணத்தையே நிறுத்தியவள், அன்று என்னிடம் வேறொன்றும் கேட்கவில்லை.

தலைவர் பேனாவை மூடினார். இதற்கு யாராவது பதில் சொல்லத்தான் வேண்டும் என்றார். அவள் கைப்பையைத் திறந்து தன் உறுப்பினர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். ஏதோ கையெழுத்திடுகிற வேலை போல நிதானமாக வைத்தாள். அது அவளுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். வேலை, வீடு, அந்த மூன்றாவது மேசை, அதற்கு மேல் அவளுக்கு இந்த ஊரில் ஒன்றும் இருக்கவில்லை.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். என்னுடைய அட்டை சட்டைப் பையில் இருந்தது. நெஞ்சில் அதன் விளிம்பு குத்திக்கொண்டிருந்தது. அதை எடுத்து அவளுடையதுக்குப் பக்கத்தில் வைக்க ஒரு நிமிடம் போதும். நான் கையை மடியிலேயே வைத்திருந்தேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, எனக்கு எச்சரிக்கை போதும் என்றார்கள்.

அதற்குப் பிறகு அவள் சங்கத்துப் பக்கம் வரவில்லை. வேலையை மாற்றிக்கொண்டு மேற்கே எங்கோ போய்விட்டாள் என்று கேள்வி. மூன்றாவது மேசையில் இப்போது யார் யாரோ இருந்து சுடுகிறார்கள். நான் என் அட்டையை இந்த வருடமும் புதுப்பித்திருக்கிறேன்.